கிழவர் தாவுகிறார்

1989 செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் ஒன்றில் நாயகர் ஒரு கிழவர். தலையில் உயரமான தொப்பி, அலகின்மேல் மூக்குக்கண்ணாடி, கன்னங்களில் வெள்ளைக் கிருதா, கையில் தடி. அந்த நாளைய விளையாட்டு நாயகர்கள் ஓடவும் தாவவும் என்றே பிறந்தவர்கள்: தொப்பி போட்ட குழாய்க்காரர் மாரியோ, நீலக் கவசம் அணிந்த எந்திரச் சிறுவன் மெகா மேன், சவுக்கைச் சுழற்றும் வேட்டைக்காரன் சைமன் பெல்மான்ட். அவர்கள் நடுவே வந்து நின்ற இந்த வாத்துக் கிழவர் தடியை ஊன்றி நடக்கவில்லை. தடியின்மேல் ஏறிக் குதித்தார்.

விளையாட்டின் பெயர் டக்டேல்ஸ். செய்தது ஜப்பானில் ஒசாகா நகரத்தைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம். அதே பெயரில் டிஸ்னி தயாரித்த கார்ட்டூன் தொடர் 1987 செப்டம்பர் 18 அன்று தொடங்கி 1990 வரை நூறு அத்தியாயங்கள் ஓடியது. உலகத்துப் பணக்காரர்களில் முதல்வரான ஸ்க்ரூஜ் மக்டக், அவர் வீட்டில் வந்து தங்கும் ஹூயி, டூயி, லூயி என்ற பேரப்பிள்ளைகள், எந்த விமானத்தையும் மோதித்தான் இறக்கத் தெரிந்த லாஞ்ச்பேட், இவர்கள் எல்லோருமாகப் புதையல் தேடிப் போகும் ஊர்கள். மேடைவிட்டு மேடை தாவும் பிளாட்ஃபார்மர் வகை விளையாட்டுக்குக் கதைப்பொருளாக இது கச்சிதமாகத் தோன்றலாம். கதைப்பொருள் கச்சிதமாக இருந்தும் கெட்டுப்போன விளையாட்டுகள் ஏராளம்.

தொடரையோ திரைப்படத்தையோ மூலமாக வைத்துச் செய்யப்படும் விளையாட்டுகளுக்கு அன்று நல்ல பெயர் கிடையாது. ‘ஈ.டி.’ படத்தின் பெயரில் அடாரி நிறுவனம் 1982இல் கொண்டுவந்த விளையாட்டை எழுதி முடிக்க அதன் நிரலாளருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ ஐந்து வாரம். அடுத்த ஆண்டே, விற்காத கார்ட்ரிட்ஜுகள் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோவில் ஒரு குப்பைக்கிடங்கில் புதைக்கப்பட்டன. 1991இல் வந்த ‘பார்ட் வெர்சஸ் த ஸ்பேஸ் மியூட்டண்ட்ஸ்’ இன்னும் பொருத்தமான உதாரணம், ஏனென்றால் அதைச் செய்தவர்களுக்கு ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடர் நன்றாகவே தெரிந்திருந்தது. மனித வேடத்தில் திரியும் வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்ரே கண்ணாடி, மோவின் மதுக்கடைக்குப் போடும் பொய்த் தொலைபேசி அழைப்பு, ஊரில் ஊதாநிறமாக இருக்கும் பொருள்களையெல்லாம் ஸ்ப்ரே பெயிண்டால் மாற்றும் வேலை என்று தொடரின் குறும்பு முழுக்க உள்ளே இருக்கிறது. ஆனால் ஓடும்போதும் தாவும்போதும் அந்த உடம்பில் பார்ட் இல்லை. பத்து வயதுப் பையனின் துடுக்கு கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்கு எட்டவில்லை.

சிக்கல் இங்கேதான். கார்ட்டூன் பார்க்கிறவர் பாத்திரத்தைக் கண்ணாலும் காதாலும் அறிகிறார். விளையாடுகிறவர் அதே பாத்திரத்தைக் கட்டைவிரலால் அறிய வேண்டும். முகத்தை வரைந்துவிடலாம், முகப்பிசையை வாங்கி வாசித்துவிடலாம். ஒரு பட்டனை அழுத்தினால் அவர் உடம்பு என்ன செய்யும் என்பதைத் தொடரிலிருந்து யாரும் எடுத்துத் தர முடியாது. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு, அது ஆதிமுதல் அவரிடம் இருந்ததுபோலவும் தோன்ற வேண்டும்.

கேப்காம் கண்டுபிடித்தது ஒரு குதிப்பு. முதலில் தாவ வேண்டும். காற்றில் இருக்கும்போதே கீழ் அம்புக்குறியையும் ‘பி’ பட்டனையும் சேர்த்து அழுத்தினால், ஸ்க்ரூஜ் தடியைக் காலுக்குக் கீழே செங்குத்தாகப் பிடித்துக்கொள்வார். பிடியை விடாதவரை தடி அவரைத் தூக்கித் தூக்கிப் போடும். சும்மா தாவுவதைவிட உயரம் கூடுதல். கீழே எதிரி இருந்தால் எதிரி ஒழிந்தான். முள் இருந்தால் தடிதான் முள்ளில் படும், அவர் பத்திரமாக அடுத்த குதிப்புக்கு எழும்புவார். கற்றுக்கொள்ள முதல் சில நிமிடங்கள் விரல் தடுமாறும். பழகிவிட்ட பிறகு யாரும் நடப்பதில்லை. அமேசான் காடு முழுவதையும் குதித்தே கடப்பார்கள், தேவை இருக்கிறதோ இல்லையோ.

தடியைக் கோல்ஃப் மட்டைபோல் வீசவும் முடியும், ஸ்காட்லாந்துக்காரருக்கு அது பொருத்தம்தான். அந்த வீச்சு கல்லிலும் பெட்டியிலும்தான் படும். எதிரியை நேராக அடிக்க உதவாது. அடித்த கல் பறந்துபோய் எதிரிமேல் விழுந்தால் உண்டு. தாக்குதல், பயணம், பாதுகாப்பு எல்லாமே அந்த ஒரு குதிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. வாள், துப்பாக்கி, மந்திரம், புதுப்புது ஆயுதங்கள் என்று மற்ற விளையாட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்க்ரூஜுக்குத் தடி ஒன்று போதுமானதாக இருந்தது. கஞ்சரின் கருவி அப்படித்தான் இருக்கும். ஏற்கெனவே கையில் இருக்கும் பொருளால் எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்கிற, இன்னொன்றுக்குக் காசு செலவழிக்காத மனிதரின் குணம் பட்டனுக்குள் இறங்கியிருக்கிறது. வசனம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு குணச்சித்திரம்.

இமயமலை நிலைக்குப் போனால் இந்தக் குதிப்பு எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பது புரியும். அங்கே அடர்ந்த பனியில் குதித்தால் தடி செருகிக்கொள்கிறது, ஸ்க்ரூஜ் சிக்கி நிற்கிறார். அதுவரை எதன்மேலும் குதித்துக் கடந்த பழக்கத்தில் விரல் தானாகவே பட்டனை அழுத்தியிருக்கும். ஒரே ஒரு விதியை மாற்றி, விளையாட்டு தான் கொடுத்த மிகப் பெரிய பரிசைச் சற்று நேரத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நடக்க மறந்துபோனவர்கள் மறுபடி நடக்க வேண்டும்.

தொடரைப் பார்த்தவர்கள் ஸ்க்ரூஜின் பணக்கிடங்கை மறக்க மாட்டார்கள். நாணயக் குவியலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து நீந்துவார். அவருக்குப் பணம் செலவழிக்கிற பொருளன்று, குளிக்கிற பொருள். விளையாட்டு இந்த ஆசையைப் புள்ளிக்கணக்கில் வைத்தது. எடுக்கிற ஒவ்வொரு வைரமும் டாலராகத் திரையில் ஏறுகிறது. பல இடங்களில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெறும் காற்றின் குறுக்கே தாவும்போது அங்கே ஒரு வைரம் முளைக்கும். சுவர் என்று நினைத்தது சுவராக இருக்காது, உள்ளே நுழைய முடியும். இரண்டு முறை இப்படி நடந்துவிட்டால் போதும், ஆடுகிறவர் மாறிவிடுவார். காலி இடம் என்று ஒன்று அவருக்கு இனிக் கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் குதித்துப் பார்ப்பார், ஒவ்வொரு சுவரையும் உரசிப் பார்ப்பார். ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்த்து, மறைத்துவைக்கப்பட்ட இரண்டு புதையல்களையும் கண்டெடுத்தவருக்கு முடிவுக் காட்சி வேறு. கஞ்சரின் கதையைச் சொல்வதைவிட, ஆடுகிறவரைக் கஞ்சராக்கிவிடுவது பெரிய காரியம். அதைக் குற்றவுணர்வு இல்லாமல், குழந்தைத்தனமான சந்தோஷத்தோடு செய்துவிடுகிறது இந்த விளையாட்டு.

வெளிவருவதற்கு முந்தைய வடிவம் ஒன்றும் பின்னாளில் கிடைத்தது. அதையும் கடைக்கு வந்த வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில மாற்றங்கள் தெரியும். சவப்பெட்டிகளில் இருந்த சிலுவைகள் எடுக்கப்பட்டன. உயிர் கூட்டும் ஹாம்பர்கர், ஐஸ்கிரீம் ஆயிற்று. முடிவில் ஸ்க்ரூஜ் தன் பணத்தை விட்டுக்கொடுப்பது என்றொரு யோசனையும் இருந்தது, அதுவும் கைவிடப்பட்டது. முதல் இரண்டும் வணிக நிறுவனத்தின் வழக்கமான எச்சரிக்கை. மூன்றாவது மாற்றம் வேறு ரகம், இலக்கியத் தீர்ப்பு என்றே சொல்லத் தகும். திருந்திய கஞ்சர் என்பது எளிதான முடிவு, குழந்தைகளுக்கான கதை என்றால் இன்னும் எளிது. சார்லஸ் டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் திருந்தினார். பெயரை அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட இந்த ஸ்க்ரூஜ் பணத்தைத் துறந்தால், அவர் வேறு யாரோ.

இந்த ஸ்க்ரூஜைப் படைத்தவர் கார்ல் பார்க்ஸ். 1947 டிசம்பர் தேதியிட்ட ஒரு காமிக்ஸ் கதையில் சிடுமூஞ்சியாக அறிமுகமானவர், சில ஆண்டுகளுக்குள் உலகம் சுற்றும் சாகசக்காரராக வளர்ந்தார். டக்டேல்ஸ் தொடரின் கதைகளில் பல பார்க்ஸிடமிருந்து வந்தவை. 1956இல் அவர் எழுதி வரைந்த கதை ஒன்றில், பூமிக்கு அடியில் உருண்டைவடிவ மக்கள் வாழ்கிறார்கள். உருண்டோடி மோதுவது அவர்கள் விளையாட்டு, மேலே நமக்கு அது நிலநடுக்கம். தொடர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டது. விளையாட்டில் ஆப்பிரிக்கச் சுரங்கத்தின் அடியில் இறங்கினால் கடைசியில் எதிர்ப்படுவது அந்தப் பாதாள மக்களின் அரசன். உருண்டோடி வந்து மோதுகிறான், குதித்துத் தப்ப வேண்டும். பார்க்ஸ் தாளில் வரைந்த உருளல், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, தாவ வேண்டிய நொடியாக மாறிவிட்டது. இன்னொன்றும் உண்டு. தொடரின் முதல் பருவத்து ஓவிய வேலை டோக்கியோவின் டி.எம்.எஸ். ஸ்டூடியோவில் நடந்தது. காகிதத்தில் பிறந்த அமெரிக்க வாத்து அசையக் கற்றது ஜப்பானில், நம் கைக்கு அடங்கி ஆடக் கற்றதும் ஜப்பானில்.

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கிழவர் 1990களின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் வழியாக வந்தார், இந்தியில் பேசிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த பிள்ளைகள் பலருக்கு வசனம் பாதிதான் புரிந்திருக்கும். தடியை ஓங்குவதிலும் நாணயத்தைப் பார்த்ததும் கண் விரிவதிலும் ஆள் யாரென்று புரிந்துவிடும். மொழியைத் தாண்டி நிற்கிற இந்த உடல்மொழியைத்தான் ஒசாகாக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

விளையாட்டின் தயாரிப்பாளர் டோகுரோ ஃபுஜிவாரா ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ செய்தவர், இரக்கமில்லாத கடினத்துக்குப் பெயர் போனவர். உருவங்களை அமைத்தவர் மெகா மேனோடு பெயர் சேர்ந்த கெய்ஜி இனஃபுனே. மெகா மேனில் எந்த எதிரியை முதலில் சந்திப்பது என்று ஆடுகிறவர் தீர்மானிப்பதுபோல, இங்கே அமேசான், ட்ரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலா ஆகிய ஐந்தில் எங்கே முதலில் போவது என்பது நம் விருப்பம். நின்டெண்டோவில் சுமார் 16.7 லட்சம் பிரதிகள் விற்றன, 1990இல் வந்த கேம்பாய் வடிவம் சுமார் 14.3 லட்சம். அந்த இரண்டு கருவிகளிலும் கேப்காமுக்கு அதிகம் விற்ற விளையாட்டு இதுவே.

நிலா நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதன் இசைக்காக.

நின்டெண்டோ கருவியின் ஒலிச்சில்லு ஐந்து தடங்கள் கொண்டது: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. மெட்டு, சுருதி, தாளம், போதாக்குறைக்குக் குதிப்பின் ஒலியும் அடியின் ஒலியும் எல்லாம் இதற்குள்தான். ஹிரோஷிகே டோனொமுரா இந்தச் சிறிய இடத்தில் நிலாவுக்கு அமைத்த மெட்டு, வேகமாக ஓடும் துணைச் சுரங்களின்மேல் நிதானமாக ஏறிப் போகிறது. கீழே அவசரம், மேலே ஏக்கம். நிலாவில் நடப்பது என்னவோ சிரிப்புக்குரிய கதை. பாலாடைக்கட்டியால் ஆன புதையலைக் காக்கும் ராட்சத எலியோடு சண்டை. இசை அந்தச் சிரிப்புக்கு இறங்கி வரவில்லை. பூமியைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவரின் தனிமை அதில் இருக்கிறது. தொடரில் மார்க் முல்லர் எழுதிய முகப்புப் பாடல் ஊரறிந்தது, விளையாட்டும் அதை வைத்துத்தான் தொடங்குகிறது. நிலா மெட்டு தொடரிலிருந்து வந்ததல்ல. விளையாட்டுக்கென்றே பிறந்தது.

2013 ஆகஸ்டில், அமெரிக்காவின் வேஃபார்வர்ட் நிறுவனம் டக்டேல்ஸைக் கேப்காமுக்காக மறுபடி செய்தது. கையால் வரைந்த பாத்திரங்கள், முப்பரிமாணப் பின்னணி, ஜேக் காஃப்மன் புதுப்பித்த இசை. ஸ்க்ரூஜுக்குக் குரல் தந்தவர் ஆலன் யங். 1983இல் வந்த ‘மிக்கீஸ் கிறிஸ்மஸ் கேரல்’ படத்திலும் பிறகு தொடரிலும் பேசிய அதே குரல். அவருக்கு அப்போது வயது 93. மந்திரக்காரி மேஜிக்காவுக்குப் பேசிய ஜூன் ஃபொரே அவரைவிட இரண்டு வயது மூத்தவர். இந்த இரு குரல்களையும் கேட்பதற்காகவே அந்த விளையாட்டை வாங்கலாம். யங் 2016இலும் ஃபொரே 2017இலும் காலமாகிவிட்டார்கள். அந்தப் பதிவு கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

ஆனால் குரல் வந்ததும் விளையாட்டு பேசத் தொடங்கிவிட்டது. பழைய அமேசானில் இறங்கியதும் குதிக்கலாம். புதியதில் பேச்சு, பிறகு கொஞ்சம் குதிப்பு, மறுபடி பேச்சு. அங்கங்கே இருக்கும் நாணயங்களைச் சேர்த்து வந்தால்தான் கதவு திறக்கும் என்கிற மாதிரி ஏவல் வேலைகள் நுழைந்தன. ஏன் இந்தப் புதையல், யார் யாருக்கு எதிரி என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் வந்தது. தொடருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற அன்பில் செய்த காரியம்தான், அன்பு ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. 1989இன் ஒசாகாக்காரர்கள் தொடரிடமிருந்து கொஞ்சம் விலகி நின்றார்கள், அந்த இடைவெளியில்தான் குதிப்பு பிறந்தது. 2013இல் அந்த இடைவெளி பாசத்தால் நிரம்பிவிட்டது. ஒரு விஷயத்தில் புதியது பழையதை மிஞ்சுகிறது: ஒரு நிலை முடிந்து திரும்பினால், பணக்கிடங்கின் பலகையிலிருந்து நாமே நாணயக் குவியலுக்குள் பாய்ந்து நீந்தலாம். தொடரில் பார்த்துப் பார்த்து ஏங்கியது, கடைசியில் கைக்கு வந்தது.

குதிப்பு வேறு வழியிலும் வாழ்ந்தது. வேஃபார்வர்டிலிருந்து பிரிந்த சிலர் தொடங்கிய யாட் கிளப் கேம்ஸ் நிறுவனம் 2014இல் ‘ஷவல் நைட்’ விளையாட்டை வெளியிட்டது. மண்வெட்டி ஏந்திய வீரன், அதைக் காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு எதிரிகளின் தலைமேல் குதித்துக் குதித்துப் போகிறான். ‘ஸெல்டா 2’இன் கீழ்நோக்கிய குத்தும் ஸ்க்ரூஜின் தடியும் அதற்கு இரு மூதாதையர். அங்கே எந்தத் தொலைக்காட்சித் தொடரும் இல்லை, உரிமம் கொடுத்த நிறுவனமும் இல்லை. குதிப்பு தன் சொந்தக் காலில் நின்றது.

டிஸ்னி 2017இல் டக்டேல்ஸ் தொடரையே புதிதாகத் தொடங்கியது. இந்த முறை, மூன்று பையன்களின் தாய் டெல்லா எங்கே போனாள் என்ற கேள்வி கதையின் மையத்தில் இருந்தது. அவள் நிலாவில் சிக்கிக்கொண்டிருக்கிறாள். 2019 மார்ச்சில் ஒளிபரப்பான அத்தியாயம் ஒன்றில், பார்க்கவே கிடைக்காத தன் பிள்ளைகளுக்காக அவள் தாலாட்டு பாடுகிறாள். அந்தத் தாலாட்டின் மெட்டு, டோனொமுரா ஐந்து தடச் சில்லுக்கு எழுதிய நிலா இசை. முப்பது வருஷமாகச் சொல்லில்லாமல் இருந்த மெட்டுக்குச் சொல் கிடைத்தது. விளையாட்டை ஆடி வளர்ந்தவர்களுக்கு அது பழைய நண்பரைப் பார்ப்பதுபோன்ற மகிழ்ச்சி. ஆடாதவர்களுக்கும், அந்தப் பாட்டு அந்தக் காட்சிக்கென்றே பிறந்ததாகத்தான் தோன்றியிருக்கும். டோனொமுராவின் மெட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்த ஏக்கத்தை யாரோ சரியாகக் கேட்டிருக்கிறார்கள். தொடரிடமிருந்து கடன் வாங்கித் தொடங்கிய விளையாட்டு, தொடருக்கு அதன் மிக நெகிழ்ச்சியான நிமிடங்களில் ஒன்றைக் கொடுத்தது.

இப்படிப்பட்ட விளையாட்டுகளின் ஆயுள் மட்டும் இன்னும் ஒப்பந்தத் தாள்களின் கையில் இருக்கிறது. நிரல் கேப்காமுடையது, வாத்து டிஸ்னியுடையது. 2019 ஆகஸ்டில் 2013இன் மறுவடிவம் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2020 மார்ச்சில் திரும்பி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஆலன் யங்கின் அந்தக் கடைசிக்கால ஸ்க்ரூஜைப் புதிதாகக் கேட்க விரும்பியவர் அங்கே போய் வாங்கியிருக்க முடியாது. 1989இன் அசல், 2017இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த தொகுப்பில் கேப்காமின் வேறு ஐந்து டிஸ்னி விளையாட்டுகளோடு வந்தது. கூடவே அக்கால ஓவியங்களும் இசையும் வைத்திருந்தார்கள், ஓர் அருங்காட்சியகத்தின் சிறு அறைபோல.

கார்ல் பார்க்ஸின் கதைகளை ஃபேண்டகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2011 முதல் கெட்டி அட்டை நூல்களாக, கட்டுரைகளோடும் குறிப்புகளோடும் கொண்டுவருகிறது. பார்க்ஸ் அந்தக் கதைகளை வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் பெயர் எங்கும் அச்சாகவில்லை, அட்டையில் வால்ட் டிஸ்னியின் பெயர்தான் இருக்கும். கோட்டின் அழகை வைத்தே அவரை அடையாளம் கண்ட வாசகர்கள் 1960 வாக்கில்தான் அவருடைய பெயரையும் முகவரியையும் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதினார்கள். அன்றைய ஜப்பானிய விளையாட்டுகளைச் செய்தவர்களும் பெரும்பாலும் புனைபெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். அந்தக் குதிப்பின் உயரத்தை யார் தீர்மானித்தார், பனியில் தடி செருக வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது, காற்றில் வைரத்தை ஒளித்துவைத்தவர் யார் என்று அவர்களிடமே கேட்டு எழுதிவைக்க இது நேரம். செய்தவர்களில் பலர் இன்று ஸ்க்ரூஜின் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.